கறுப்பு ஓரம் வைத்த பைகள்

அன்று காலை என் கடைக்கு முருங்கைக்காய்ப் பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. விமானத்தில் வரும் காய். பாதி வாடித்தான் வரும். அதற்காக நான் சண்டை பிடிக்காத கிழமை இல்லை. அன்றும் வான் வண்டிச் சாரதியைப் பிடித்து வைத்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் தொலைபேசி அடித்தது. செலஸ்ரினா அக்காவின் ஒரே மகள் ஜெனி பேசினாள்.

"மாமா, அம்மா போயிட்டா. இப்பதான். நான் பக்கத்திலைதான் இருந்தனான்."

மாதக்கணக்காக எதிர்பார்த்த செய்திதான். டாக்டர்மார் கைவிரித்த நாளிலிருந்து தெரிந்த செய்திதான். ஆனாலும் காதில் விழுந்ததும் அரிசி மூட்டைகளின் மேலேயே இருந்துவிட்டேன். சாரதி என் முகத்தைப் பார்த்துவிட்டு, மிச்சப் பெட்டிகளைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டுப் போனான்.

பிறகு ஜெனி கேட்டாள்: "மாமா, மிஷ்லின் அன்ரிக்கு ஆர் சொல்லுறது? என்னாலை ஏலாது. நீங்கள் சொல்லுவியளே?"

"சொல்லுறன் பிள்ளை" என்றேன். சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்து மூடினேன். லண்டன் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் பட்டப்பகலில் என் கடை பூட்டியிருந்ததைக் கண்டவர்கள், கவுன்சில்காரர் வந்து பூட்டிவிட்டார்கள் என்று கதைத்தார்களாம். கதைக்கட்டும். நான் உள்ளே இருந்து அழுதுகொண்டிருந்தேன்.

அக்காவை அறிந்தவர்களுக்கு மிஷ்லின் யார் என்று சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காகத் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

செலஸ்ரினா அக்கா மன்னாரில் பிறந்தவர். நாட்டில் சண்டை மூண்ட காலத்தில் கணவரோடு பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு தையல் பட்டறையில் வேலை கிடைத்தது. நிலத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. தைத்து முடித்த துண்டுக்குத்தான் கூலி. பக்கத்து மெஷினில் இருந்தவர் ஹெய்ட்டி நாட்டுப் பெண்ணான மிஷ்லின். கரீபியன் கடலில் அப்படி ஒரு நாடு இருப்பதை அக்கா அதற்கு முன் கேள்விப்பட்டதேயில்லை. மிஷ்லினுக்கும் இலங்கை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. அக்காவுக்கு அப்போது பிரெஞ்சு மருந்துக்கும் வராது. மிஷ்லின் துணியைக் காட்டி, நூலைக் காட்டி, கத்தரிக்கோலைக் காட்டி ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தார். அதனால்தான் அக்காவின் பிரெஞ்சில் கடைசி வரைக்கும் தையல்காரியின் வாடை அடித்தது. கதை முடிந்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில், நூல் வெட்டியாயிற்று என்பார்.

ஜெனி வயிற்றில் இருந்தபோது அக்காவுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன. மெஷினை மிதிக்க முடியவில்லை. முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவான். ஆனால் ஒவ்வொரு மாலையும் எண்ணிப் பார்த்தால் அக்கா தைத்த துண்டுகளின் கட்டு குறையாமல் இருக்கும். மிஷ்லின் தான் தைத்தவற்றில் பாதியை எடுத்து அக்காவின் கட்டுக்குள் செருகிக்கொண்டிருந்தார். அக்கா இதைக் கண்டுபிடித்துச் சண்டைக்குப் போயிருக்கிறார்.

"நான் ஏசினனான் தம்பி. அவ என்ரை வயித்திலை கையை வைச்சு, 'நீ இப்ப உள்ளுக்கு ஒண்டைத் தைச்சுக்கொண்டிருக்கிறாய், அதை ஒழுங்காத் தை, வெளிவேலையை நான் பாக்கிறன்' எண்டவ. அதுக்குப் பிறகு நான் என்னத்தைக் கதைக்கிறது?"

இதை அக்கா எனக்குச் சொல்லும்போதெல்லாம் அழுதிருக்கிறார். சொல்லாத மாதம் இல்லை.

பிறகு மிஷ்லின் தன் தாயாரைப் பார்க்க நாட்டுக்குத் திரும்பிப் போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். ஊர்க் கிறிஸ்தவக் கோவிலுக்குப் பின்னால் ஓர் அறையில் கால்மெஷின்கள் சிலவற்றைப் போட்டு, வேலை வெட்டி இல்லாமல் பிள்ளைகளோடு கஷ்டப்பட்ட பெண்களைச் சேர்த்துத் தைக்கப் பழக்கினார். அக்காவின் வாழ்க்கையும் அந்தக் காலத்தில்தான் திரும்பிற்று. கணவர் பாரிஸில் காலமானார். மகளின் ஆங்கிலப் படிப்புக்காக, எங்களில் பலரைப் போல அவரும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு வந்தார். பார்க்கிங் என்ற ஊரில் ஒரு சலவைக் கடையில் காற்சட்டைகளுக்குக் கால் மடித்துத் தைக்கும் வேலை.

நானும் அதே பாதையால் வந்தவன்தான். ஒருநாள் என் கடை ஃபிரீசர் பழுதாகி, மீனெல்லாம் உருகி ஓடிக்கொண்டிருந்தது. ஆத்திரத்தில் பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். இங்கே யாருக்கு விளங்கப்போகிறது என்ற துணிவுதான். மரக்கறித் தட்டுப் பக்கமிருந்து ஒரு குரல், சுத்தமான பிரெஞ்சில், "ஐயா, மீனுக்குக் காது கேட்காது, எனக்குக் கேட்கும்" என்றது. திரும்பிப் பார்த்தேன். சின்ன உருவம், கழுத்தில் செபமாலை, தோளில் செவ்வரத்தம்பூ தைத்த வெள்ளைத் துணிப்பை. அப்படித்தான் அக்கா எனக்கு அறிமுகமானார். நான் வெட்கப்பட்டு ஒரு கட்டுக் கீரையைச் சும்மா கொடுத்தேன். அவர் காசு வைத்துவிட்டுப் போனார்.

அந்தத் துணிப்பை மிஷ்லினின் பெண்கள் தைத்தது. அதைப்போல ஒரு பெட்டி நிறைய வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிய, கோவில் மண்டபத்தில் மேசை போட்டு அக்கா பரப்பி வைப்பார். ஒருவரும் வாங்க மாட்டார்கள். "இதென்ன, ஆபிரிக்காச் சாமானோ?" என்று கேட்டுவிட்டு சாப்பிட ரோல்ஸ் விற்கும் மேசைக்குப் போய்விடுவார்கள். இரக்கப்பட்டுச் சிலர் காசை மட்டும் நீட்டுவார்கள். அதற்குத்தான் அக்காவுக்குக் கோபம் வரும்.

"பாவம் எண்டு வாங்காதையுங்கோ. வடிவா இருந்தா வாங்குங்கோ. வடிவில்லாட்டி விட்டிட்டுப் போங்கோ. அவையள் பிச்சை கேக்கேல்லை, தைச்சிருக்கினம்."

நான் கடைக்காரன். எனக்கு வியாபாரம் தெரியும் என்ற நினைப்பு. என் கடையில் தொங்கவிடச் சொன்னேன். முதல் நாளே ஒரு அம்மா எடுத்துப் பார்த்து, "அண்ணை, இரண்டு எடுத்தா எவ்வளவு விடுவியள்?" என்றார். பேரம் பேசாத கடை எங்கள் தெருவில் உண்டா? நான் வாயைத் திறக்க முன் அக்கா குறுக்கே வந்தார். "தங்கச்சி, இதுக்கு விலை நான் வைக்கேல்லை, இவரும் வைக்கேல்லை. தைச்ச பொம்பிளையள் தாங்களா இருந்து கதைச்சு வைச்சது. அங்கை கேக்காமல் இஞ்சை குறைக்க ஏலாது." அந்த அம்மா முறைத்துவிட்டுப் போனார். நானும் முறைத்தேன். ஆனால் அக்கா அசையவில்லை. வாங்குகிறவனும் விற்கிறவனும் விலை பேசுவார்கள், தைத்தவளை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை, பாரிஸ் பட்டறையில் எங்களை யாராவது கேட்டார்களா என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

வழியைக் கண்டுபிடித்ததும் அவர்தான். எங்கள் சனம் தனக்கென்று ஒரு பை வாங்க ஆயிரம் யோசிக்கும். கொண்டாட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செலவழிக்கும். பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீடு, கல்யாணவீடு, கோவிலில் பிள்ளையின் முதல் நன்மைப் பூசை என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஏதாவது கொடுத்துத்தானே அனுப்புகிறோம். அந்தப் பிளாஸ்டிக் பைக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாமே? அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார். முதலில் ஒரு வீடு, பிறகு அதைப் பார்த்து இன்னொரு வீடு. அங்கே மிஷ்லினின் அறையில் மெஷின்கள் கூடின. பைகள் மிஷ்லினின் உறவினர்கள் மூலம் பாரிஸுக்கு வரும். நான் கடைக்குச் சாமான் எடுக்க வான் வண்டியில் போகும்போது ஏற்றி வருவேன். மிஷ்லினின் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பத் தொடங்கினார்கள் என்ற செய்தி போனில் வந்த அன்று, அக்கா என் கடையில் நின்றவர்களுக்கெல்லாம் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார்.

இனிக் கறுப்பு நூலின் கதை.

செவன் கிங்ஸ் என்ற இடத்தில் ஒரு கல்யாணவீடு. அதுவரை வந்ததிலேயே பெரிய ஓடர். அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மிஷ்லினுக்குப் போன் எடுத்து, "கல்யாணம், வழக்கத்தைவிட வடிவாக இருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும். அது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமல்ல. அதனாலேயே அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை.

பெட்டிகளை நானும் அக்காவும்தான் கொண்டுபோய் இறக்கினோம். பெண்ணின் தாயார் ஆசையோடு முதல் பெட்டியைத் திறந்தார். சிவப்புச் செவ்வரத்தம்பூ. ஒவ்வொரு இதழையும் சுற்றிக் கறுப்பு நூலால் மெல்லிய ஓரம். பையின் வாயைச் சுற்றியும் கறுப்பு ஓரம்.

"ஐயோ அக்கா, கறுப்பு! கலியாணவீட்டுப் பையிலை கறுப்போ? சம்பந்தி வீட்டார் என்ன சொல்லுவினம்?"

அந்தத் தாயாரை நான் குறை சொல்ல மாட்டேன். பயந்துபோனார், அவ்வளவுதான். என் வீட்டுக் கல்யாணம் என்றால் என் மனைவியும் இதையேதான் சொல்லியிருப்பாள். அக்கா ஒரு சொல் எதிர்த்துக் கதைக்கவில்லை. "ஓம் தங்கச்சி, பிழை என்ரைதான், நான் சொல்ல மறந்திட்டன்" என்று பெட்டியை மூடினார். எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினோம்.

வான் கொஞ்சத் தூரம் போனதும் அக்கா என்னை நிறுத்தச் சொன்னார். ஒரு பையை எடுத்து மடியில் விரித்து, அந்த ஓரத்தை விரலால் தடவினார்.

"கறுப்பு நூலிலை நல்ல கைதான் தைக்கும் தம்பி. ஒரு தையல் பிசகினாலும் அப்பிடியே காட்டிக் குடுத்திடும். இது மெஷின் இல்லை, கையாலை போட்டது. இதுக்குத் தனிக் கூலி வேண்டாம் எண்டு சொன்னவையாம், கலியாணப் பொம்பிளைக்குத் தங்கடை பரிசாம். அந்த அறையிலை இருக்கிற ஒருத்திக்கும் கோவில்லை வைச்சுக் கலியாணம் நடக்கேல்லை. அதுக்கு அங்கை வசதி இல்லை. ஆரெண்டே தெரியாத ஒரு பிள்ளைக்கு, தங்களுக்கு நடக்கிறமாதிரி நினைச்சுத் தைச்சிருக்கினம். நான் இதை எப்பிடிப் போய்ச் சொல்லுவன்?"

சொல்லத்தான் வேண்டும் என்றேன் நான். வியாபாரத்தில் பிழை நடந்தால் சொன்னால்தானே அடுத்தமுறை திருந்தும் என்று பெரிய மனிதனைப் போல விளக்கமும் கொடுத்தேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்தமுறை பொன்நிற நூல் கேக்கிற வீடு எண்டு சொல்லுவன். அது காணும்" என்றார்.

அடுத்த நாள் என் கடையில் நின்றுதான் போன் எடுத்தார். "எல்லாம் கொடுத்தாயிற்று மிஷ்லின். எல்லாருக்கும் நல்ல விருப்பம். தெரு முழுக்கக் கொண்டு திரிகிறார்கள்." நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். மறுமுனையில் பெண்கள் சிரித்துக் கைதட்டும் சத்தம் எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கிலோ வெங்காயம் கேட்டார்.

அந்தப் பைகளின் விலை முழுவதும் ஹெய்ட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. எப்படி என்று அவர் சொல்லவில்லை. சலவைக் கடையில் மாலை ஷிப்டும் எடுக்கத் தொடங்கியதைக் கண்டு நான் விளங்கிக்கொண்டேன். பைகள் அவர் வீட்டு மேல்தட்டுக்கு ஏறின. ஒன்றை மட்டும் எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு வேறு பை அவர் தோளில் ஏறவில்லை. மிஷ்லின் போன் எடுக்கும்போதெல்லாம், "எங்கள் கறுப்பு ஓரப் பைகளை இன்னும் கொண்டு திரிகிறார்களா?" என்று கேட்பார். "இன்றைக்குக்கூட பஸ்ஸில் பார்த்தேன்" என்பார் அக்கா. பஸ்ஸில் அவரேதான் போயிருப்பார். நான் கேலி செய்வேன். "பொய் சொல்லேல்லையே தம்பி, பாத்தனான்தானே" என்று சிரிப்பார்.

நோய் வந்ததையும் மிஷ்லினுக்குச் சொல்லவிடவில்லை. சொன்னால் அவர் தைக்காமல் அழுதுகொண்டிருப்பார், மற்றப் பெண்களும் இருந்துவிடுவார்கள், கையிலிருக்கும் ஓடர் பிந்தும் என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். வாய்க்கு ருசியில்லாமல் கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டிருந்த நாட்களில்கூட, போன் வந்தால் எழுந்து இருந்து, குரலைச் சரிசெய்துகொண்டுதான் பேசுவார். பேசி முடித்ததும் அப்படியே சரிந்து படுப்பார். ஜெனி தலையணையை வைத்துவிட்டு வெளியே போய் அழுவாள். பார்த்துக்கொண்டு இருந்தோம். வேறு என்ன செய்ய முடிந்தது?

கடைசியாக நான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அக்கா தெளிவாக இருந்தார். ஜெனியையும் என்னையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"என்ரை முப்பத்தொண்டாம் நாள் பூசைக்கு வாற ஆக்களுக்குக் குடுக்க வெளியிலை ஒண்டும் வாங்காதையுங்கோ. மேலை பெட்டியளுக்கை கிடக்கு. செத்தவீட்டிலை கறுப்புக்கு ஆர் என்ன சொல்லப்போகினம்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கண்டறியாத கதை கதைக்காதையுங்கோ அக்கா" என்று ஏசினேன். அதுதான் நான் அவரோடு கடைசியாகக் கதைத்தது. ஏச்சோடு போய்விட்டது.

இறந்த அன்று பின்னேரம், என் கடையில் விற்கும், வெளிநாட்டுக்குக் கதைக்கும் போன்கார்டில் ஒன்றின் இலக்கத்தைச் சுரண்டி மிஷ்லினுக்கு எடுத்தேன். என் குரலைக் கேட்டதும், "செலஸ்தின் எங்கே, வேலைக்குப் போய்விட்டாளா?" என்று கேட்டார். அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். நான் சொன்னேன். பிரெஞ்சில் அந்தச் செய்தியைச் சொல்ல மூன்றே சொற்கள் போதும். எனக்கு அவை வர நேரமெடுத்தது. மறுமுனையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாக நின்றன. போன் அறுந்தது. திரும்பத் திரும்ப எடுத்தும் யாரும் தூக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்குக் கோவில் நிறையச் சனம். முதல் நாள் ஜெனியும் நானும் பெட்டிகளை இறக்கித் திறந்தோம். பூச்சி உருண்டை மணத்தோடு, ஒவ்வொன்றும் தனித்தனியாக மெல்லிய தாளில் சுற்றி இருந்தது. ஒரு நூல் பிரியவில்லை, ஒரு பூ மங்கவில்லை.

"வருஷா வருஷம் வெயில் வர, அம்மா எல்லாத்தையும் வீட்டுக்குப் பின்னாலை கார்டின்லை விரிச்சுக் காய வைச்சு எடுக்கிறவ மாமா" என்றாள் ஜெனி. "ஏனம்மா, குடுத்து முடிக்கலாமே எண்டு கேட்டனான். இது ஒரு கலியாணத்துக்கு எண்டு தைச்சது, கண்டபடி குடுக்க ஏலாதெண்டு சொன்னவ."

மண்டபத்தில் சாப்பாடு முடிய, நினைவு மலர்ப் புத்தகத்தைப் பைக்குள் வைத்து வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கொடுத்தோம். செவன் கிங்ஸ் தாயாரும் வந்திருந்தார். வாங்கிக்கொண்டு நாலு அடி போனவர் நின்றார். பையைத் திருப்பிப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"அண்ணை, இது அந்தப் பையள்தானே?"

"ஓம்."

அவர் கறுப்பு ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். அன்று வானுக்குள் அக்கா செய்ததைப் போலவே. "இவ்வளவு வடிவானதை நான் அண்டைக்குப் பாக்கவே இல்லை. நிறம் மட்டும்தான் கண்ணிலை பட்டது" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "மகளுக்கும் ஒண்டு தருவியளே? அவளுக்கெண்டு தைச்சதுதானே" என்று கேட்டார். ஜெனி ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் மற்றப் பக்கம் திரும்பி நின்றேன்.

அந்த நேரத்தில்தான் ஜெனியின் போன் அடித்தது. மிஷ்லின். ஜெனி ஒரு சொல் பேசிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இன்று உங்கள் முறைப்படி முப்பத்தோராம் நாள்" என்றார் மிஷ்லின். "தன் கணவன் இறந்தபோது செலஸ்தின் எனக்கு அந்த வழக்கத்தைச் சொல்லியிருந்தாள். நாங்களும் எல்லாரும் அறையில் கூடியிருக்கிறோம். சனம் வந்ததா?"

"நிறைய வந்தது."

"எங்கள் பைகளை யாராவது கொண்டு வந்தார்களா?"

நான் வாசலைப் பார்த்தேன். "எல்லார் தோளிலும் இருக்கிறது" என்றேன்.

"எந்தப் பை?"

"கறுப்பு ஓரம் வைத்தது."

"அந்தக் கல்யாணப் பைகளா?" மிஷ்லினின் குரல் நடுங்கியது. "இத்தனை வருடமாகவா வைத்திருந்தார்கள்?"

நான் ஜெனியைப் பார்த்தேன். அவளுக்கும் கேட்டிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

"வைத்திருந்தார்கள்" என்றேன். "மிகப் பத்திரமாக. தாளில் சுற்றி, வருடா வருடம் வெயிலில் காய வைத்து. ஒரு நூல்கூடப் பிரியவில்லை."

மிஷ்லின் திரும்பி அந்த அறைக்குத் தன் மொழியில் சொல்வது கேட்டது. அந்த மொழி எனக்குத் தெரியாது. அங்கே ஒருத்தி விம்மத் தொடங்க, பிறகு எல்லாரும் சேர்ந்து அழும் சத்தம் கேட்டது. மிஷ்லினின் போன்கார்ட் முடியும் வரைக்கும் நாங்கள் இரண்டு பக்கமும் அழுதுகொண்டு நின்றோம்.

அக்கா, பைகள் என் கடையில் தொங்கும். பாரிஸிலிருந்து நான் ஏற்றி வருவேன். ஓடர்களை ஜெனி பார்ப்பாள். யார் கேட்டாலும் விலை குறையாது, நீங்கள் பயப்பட வேண்டாம். மண்டபத்தைப் பூட்டிவிட்டு இப்போது வெளியே வந்து நிற்கிறேன். சனம் கலைந்து போகிறது. சிலர் பஸ் தரிப்பில், சிலர் ஸ்டேஷன் பக்கம், சிலர் என் கடையைத் தாண்டி. தெரு முழுக்கக் கொண்டு திரிகிறார்கள் அக்கா. நான் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.